தமிழ்ப் பள்ளிகளில் சட்டத்துக்கும் ஒரு மணி நேரம் கொடுங்கள்

சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், டோங்காட் வட்டாரங்களில் தமிழ்ப் பள்ளி நடத்தும் கமிட்டியினருக்கும், அந்தப் பள்ளிகளுக்கு இடம் கொடுத்து ஆதரிக்கும் கோயில் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். வாரம் முழுக்க அலுவலகத்தில் பார்ப்பதும் சனிக்கிழமை பிள்ளைகள் கேட்பதும் சேர்ந்து என்னை இந்தக் கடிதத்தை எழுத வைத்திருக்கின்றன. என் கோரிக்கை இதுதான்: 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு, மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது, ஒரு மணி நேரம் இந்த நாட்டின் சட்டத்தையும் அரசியலமைப்பையும் நம் தமிழ்ப் பள்ளிகளிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அது கவர்மென்ட் பள்ளிக்கூடத்தின் வேலை, நமக்கு எதற்கு என்று சிலர் உடனே கேட்பீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில், நாம் ஏற்கெனவே சொல்லிக்கொடுக்கும் ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம்.

ஒவ்வொரு நவம்பர் 16 அன்றும் 1860-இல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றி வந்த ட்ரூரோ கப்பலை நினைவுகூர்கிறோம். பிள்ளைகள் மேடையேறி, கரும்புத் தோட்டத்தில் நம் முன்னோர் பட்ட பாட்டை உருக்கமாகப் பேசுகிறார்கள். கேட்கும் பெரியவர்கள் கண் கலங்குகிறார்கள். எனக்கும் அந்தப் பேச்சுகள் பிடிக்கும். ஆனால் அவற்றில் வெயில் இருக்கிறது, சாட்டை இருக்கிறது, கண்ணீர் இருக்கிறது; சட்டம் மட்டும் இல்லை. அவர்களைத் தோட்டத்தோடு கட்டிப்போட்டதே சட்டம்தான். ஒப்பந்தக் கூலி ஒருவர் முதலாளியை விட்டுப் போனால், ஒப்பந்தத்தை மீறியதற்கு நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்கோடு விஷயம் முடியாது. அது குற்றம், ஜெயிலில் போடலாம். 1894-இல் முன்பற்கள் உடைந்து இரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு காந்தியிடம் வந்து நின்ற பாலசுந்தரம் என்ற தமிழரின் கதை நம் பிள்ளைகளுக்குத் தெரியும். காந்தி அவரை முதலில் டாக்டரிடமும் அப்புறம் மாஜிஸ்திரேட்டிடமும் ஏன் கூட்டிப்போனார் என்று கேட்டால் தெரியாது. காயத்துக்கு டாக்டர் சர்டிபிகேட் இல்லாமல் வழக்கு நிற்காது. பாலசுந்தரம் தானாக வேலையை விட்டுப் போகவும் முடியாது. அவருடைய ஒப்பந்தத்தை வேறொரு முதலாளிக்கு மாற்றுவதுதான் சட்டத்துக்குள் இருந்த வழி. அந்த வழியைத் தேடிப் பிடித்ததால்தான் அவர் தப்பினார்.

மூன்று பவுன் வரியும் அப்படித்தான். 1895-இல், டர்பன் அடங்கிய அன்றைய நேட்டால் காலனியின் அரசு அதற்குச் சட்டம் போட்டது. ஒப்பந்தம் முடிந்தபின் ஊர் திரும்பாமலும் மறுபடி ஒப்பந்தத்தில் சேராமலும் இங்கே சுதந்திரமாக வாழ நினைத்தவர்கள் ஆண்டுதோறும் கட்ட வேண்டிய வரி அது. ஒப்பந்தக் கூலிக்கு முதல் ஆண்டில் மாதச் சம்பளம் 10 ஷில்லிங். மூன்று பவுன் என்பது 60 ஷில்லிங். இந்தக் கணக்கை வகுப்பில் போட்டுக் காட்டினால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். 1903-இல் அந்த வரி பிள்ளைகளுக்கும் நீட்டப்பட்டது: ஆண் பிள்ளைகளுக்கு 16 வயதிலிருந்து, பெண் பிள்ளைகளுக்கு 13 வயதிலிருந்து. என் வகுப்பில் 13 வயதுப் பெண்கள் இருக்கிறார்கள். இதைச் சொன்ன அன்றைக்கு அவர்கள் கேட்டது, “எங்களுக்கு மட்டும் ஏன் மூன்று வருஷம் முன்னாடியே?” என்றுதான். ஒரு சட்டம் யாரைக் குறிவைக்கிறது, எந்த வயதில், என்ன நோக்கத்தில் என்று கேட்கத் தெரிவதுதான் குடிமைக் கல்வி. அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர்களே கேட்டார்கள்.

வள்ளியம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். காந்தியின் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போய், நோயோடு வெளியே வந்த சில நாளில், 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் இறந்த பெண். அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். அவரும் மற்றப் பெண்களும் போராட்டத்தில் இறங்கியதற்கு ஒரு நீதிமன்றத் தீர்ப்பும் காரணம் என்பதை எத்தனை பேர் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்? 1913 மார்ச்சில் கேப் உச்ச நீதிமன்ற நீதிபதி சியர்ல் கொடுத்த தீர்ப்பின்படி, கிறிஸ்தவ முறையில் நடக்காத, பதிவு செய்யப்படாத திருமணங்கள் செல்லாதவை ஆகிவிட்டன. நம் அம்மாக்களும் பாட்டிகளும் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவிகளாக இல்லாமல் போனார்கள். அந்தக் கோபம்தான் பக்கத்து மாகாணமான டிரான்ஸ்வாலிலிருந்து தமிழ்ப் பெண்களை நேட்டாலின் நிலக்கரிச் சுரங்க ஊரான நியூகாசில் வரை போக வைத்தது. அவர்கள் பேச்சைக் கேட்டுச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1914-இல் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் மூன்று பவுன் வரியையும் நீக்கியது, நம் திருமணங்களையும் ஏற்றது. வள்ளியம்மை இறந்து சில மாதங்களில் அது வந்தது. தீர்ப்பையும் சட்டத்தையும் விட்டுவிட்டு அவர் கதையைச் சொன்னால், பாவம் ஒரு பெண் செத்துப்போனாள் என்பதுதான் பிள்ளைகள் மனதில் தங்குகிறது. எதற்காக என்பது தங்குவதில்லை.

நம் சமூகத்தின் வரலாற்றிலிருந்து சட்டத்தைப் பிரித்து எடுக்கவே முடியாது. வாக்குரிமை பறிப்பு, இந்தியர் நிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்திய 1946-இன் நிலச் சட்டம், எந்த இனத்தார் எங்கே வாழலாம் என்று பிரித்த 1950-இன் குரூப் ஏரியாஸ் சட்டம் என்று எதைத் தொட்டாலும் அப்படித்தான். நாம் கூடும் சாட்ஸ்வர்த்தே அந்தக் கடைசிச் சட்டம் வரைந்த ஊர். டர்பனின் பழைய குடியிருப்புகளான மேகசின் பாரக்ஸிலிருந்தும் கேட்டோ மேனரிலிருந்தும் தாத்தாக்கள் எப்படிப் பெயர்க்கப்பட்டார்கள் என்று வீட்டில் கேட்டுவரச் சொல்லலாம். அதோடு இன்றைய அரசியலமைப்பின் 26-ஆம் பிரிவைப் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்: நீதிமன்றம் எல்லாச் சூழ்நிலைகளையும் பார்த்து உத்தரவு போடாமல் யாரையும் அவர் வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது. இரண்டையும் ஒரே வகுப்பில் கேட்கும் பிள்ளைக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை.

சரி, பழைய கதை போதும். நம் வீட்டுக் கதையாகவே இருக்கும் ஒரு வழக்கு, நம் பிள்ளைகளில் பலர் பிறக்கும் முன்பே முடிந்துவிட்டது. டர்பனில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்த தமிழ் மாணவி 2004-இல் விடுமுறையில் மூக்குத்தி குத்திக்கொண்டு பள்ளிக்கு வந்தாள். நகை போடக் கூடாது என்று பள்ளியில் விதி. தாய் எழுதிக் கேட்டார். இது எங்கள் குடும்ப வழக்கம், பருவம் வந்த பெண்ணுக்கு மூக்குத்தி குத்துவோம், 16 வயதில் பாட்டி வைர மூக்குத்தி போடுவார் என்று விளக்கினார். பள்ளி மறுத்தது. சமத்துவ நீதிமன்றத்தில் தாய் தோற்றார். பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றத்தில் வென்றார். மாகாணக் கல்வித் துறையும் பள்ளியும் மேல்முறையீடு செய்ய, அரசியலமைப்பு நீதிமன்றம் 2007 அக்டோபர் 5 அன்று தீர்ப்புச் சொன்னது. தலைமை நீதிபதி பியஸ் லங்கா எழுதிய தீர்ப்பு அது. அந்தக் குடும்பத்தின் பெயரால் “பிள்ளை வழக்கு” என்று சட்டம் படிக்கும் எல்லோருக்கும் அது தெரியும்.

அந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. மூக்குத்தி போடுவது மதத்தில் கட்டாயம் இல்லையே, விருப்பம்தானே என்ற வாதம் வந்தது. கட்டாயமான வழக்கத்துக்கு மட்டும் பாதுகாப்பு என்றில்லை, ஒருவர் தானாக விரும்பிக் கடைப்பிடிக்கும் வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. விதியில் விலக்குக் கேட்பதற்கு ஒரு வழியை ஏற்படுத்துமாறு பள்ளிக்கு உத்தரவும் போட்டது. இந்த நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் ஒரு தமிழ்ப் பாட்டியின் வழக்கத்தைப் பற்றி உட்கார்ந்து யோசித்திருக்கிறது. இது நம் பிள்ளைகளின் பாடத்தில் இல்லை என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. இதை வகுப்பில் எடுத்தால், ஒரு பக்கம் பள்ளிக்காகவும் மறு பக்கம் தாய்க்காகவும் பிள்ளைகள் வாதாடலாம். பள்ளியின் பக்கமும் சும்மா விட்டுவிடக்கூடிய பக்கம் இல்லை. எல்லோருக்கும் ஒரே விதி என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. அதையும் ஒரு பிள்ளை நின்று சொல்ல வேண்டும், மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

அடுத்தது போன். நம் பிள்ளைகள் சட்டத்தைச் சந்திக்கும் முதல் இடம் இன்றைக்கு அதுதான். காதலித்த பெண்ணின் அந்தரங்கப் படத்தை வாட்ஸப் குரூப்பில் போட்டுவிடுகிறான் ஒரு பையன். அவனுக்கு அது விளையாட்டு. சட்டத்தில் அது குற்றம். 2020-ஆம் ஆண்டின் சைபர் குற்றச் சட்டம் அதை நேராகவே சொல்கிறது. படத்தில் இருப்பவருக்கு 18 வயது ஆகவில்லை என்றால் விஷயம் இன்னும் பெரிது, அனுப்பியவனுக்கும் வைத்திருப்பவனுக்கும். இப்படி ஒரு குடும்பம் எங்கள் அலுவலகத்துக்கு வரும்போது தாய் தகப்பன் முகத்தில் தெரிவது ஒன்றே ஒன்றுதான்: “இது குற்றம் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லையே.” மறுபக்கம், படம் போடப்பட்ட பெண்ணுக்கும் அவளுக்கு என்ன வழி இருக்கிறது என்று தெரியாது. தொல்லையிலிருந்து பாதுகாப்பு அளிக்கும் 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், பெற்றோர் துணை இல்லாமல் ஒரு சிறுமியே மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். வீட்டில் சொல்லப் பயந்து தவிக்கும் பெண்ணுக்கு இந்த ஒரு தகவல் எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள்.

கைது விஷயமும் அப்படித்தான். 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை மீது வழக்குத் தொடர முடியாது. 2022 ஆகஸ்ட் வரை அந்த வயது 10 ஆக இருந்தது. 12 முதல் 14 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தான் செய்வது தவறு என்று புரிந்திருந்தது என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். கைதான பிள்ளை வாயைத் திறக்க வேண்டியதில்லை. பெற்றோருக்குச் சொல்லியாக வேண்டும். 48 மணி நேரத்துக்குள் முதல்கட்ட விசாரணைக்குக் கொண்டுவர வேண்டும். பெரியவர்களோடு ஒரே அறையில் அடைக்கக் கூடாது. சிறார் நீதி மன்றத்தில் எனக்கு வக்கீல் வேண்டாம் என்று பிள்ளை சொன்னாலும் விடமாட்டார்கள். வக்கீல் இருந்தே ஆக வேண்டும். சிறிய குற்றமானால் குற்றப் பதிவு இல்லாமல் சீர்திருத்தத் திட்டத்துக்கு அனுப்பவும் வழி இருக்கிறது. இதில் எதுவும் தெரியாத ஒரு பையன் பயத்தில் கண்டதில் கையெழுத்துப் போடுகிறான். தகப்பனோ யாரையாவது பிடித்துப் பணம் கொடுத்தால் முடிந்துவிடும் என்று நினைக்கிறார். அந்த நினைப்பே இன்னொரு குற்றம்.

இதோடு சேர்ந்த, எழுதக் கஷ்டமான ஒன்று இருக்கிறது. 2021 ஜூலை. கலவரத்தில் கடைகள் கொள்ளை போன அந்த நாட்களில் போலீஸ் வரவில்லை, நம் தெருக்களில் நாமே தடுப்பு வைத்தோம். பலர் யாருக்கும் தீங்கு செய்யாமல் காவல் நின்றார்கள். ஆனால் ஃபீனிக்ஸிலும் அதைச் சுற்றியும் 30-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின, பெரும்பாலோர் கறுப்பின மக்கள். வழக்குகள் நடந்தன, மனித உரிமை ஆணையம் பொது விசாரணை நடத்தியது. அந்தத் தடுப்புகளில் 16, 17 வயதுப் பையன்கள் நின்றார்கள். ஒரு சாதாரண மனிதர் இன்னொருவரை எப்போது பிடித்து வைக்கலாம் என்பது 1977-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 42-ஆம் பிரிவில் இருக்கிறது. பெரிய குற்றம் என்று நியாயமான சந்தேகம் வேண்டும். பிடித்தவரை முடிந்த அளவு சீக்கிரம் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். வண்டியை நிறுத்தித் தோலின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய எந்தச் சட்டமும் இடம் கொடுக்கவில்லை. அந்தப் பையன்களுக்கு இதை யாரும் முன்பே சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தால் எல்லாம் தடுக்கப்பட்டிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். சொல்லாமல் விட்டது பெரியவர்களாகிய நாம் என்பதை மட்டும் சொல்கிறேன். இதைப் பற்றி நம் கோயில் மண்டபங்களில் இன்னும் மூடிய கதவுக்குள்தான் பேசுகிறோம். பிள்ளைகள் முன் பேச வேண்டும்.

இப்போது, பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறதே என்ற கேள்விக்கு வருகிறேன். ஆமாம், லைஃப் ஓரியன்டேஷன் பாடத்தில் ஜனநாயகமும் மனித உரிமையும் இருக்கின்றன. ஆனால் அந்தப் பாடத்துக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம்தான். அதற்குள் உடற்பயிற்சி, உடல்நலம், வேலை வாய்ப்பு, படிக்கும் முறை எல்லாம் அடங்க வேண்டும். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் சேர்க்கைக்கான புள்ளிகளில் அந்த மதிப்பெண்ணைச் சேர்ப்பதில்லை, அதனால் பிள்ளைகளும் பெற்றோரும் அதைப் பாடமாகவே மதிப்பதில்லை. நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களால் அந்த நேரத்தில் பிள்ளை வழக்கை எடுத்து வாதாட வைக்க முடியாது. நம்மால் முடியும். நம்மிடம் சனிக்கிழமை இருக்கிறது, மண்டபம் இருக்கிறது, பிள்ளைகளின் பாட்டி தாத்தாவைத் தெரிந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

தமிழ்ப் பள்ளி தமிழுக்குத்தானே என்பது அடுத்த கேள்வி. இந்த நாட்டு அரசியலமைப்பின் 6-ஆம் பிரிவு தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. தெலுங்கு, இந்தி, குஜராத்தி, உருது ஆகியவற்றோடு தமிழையும் வளர்க்க வேண்டும், மதிப்பை உறுதி செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. மண்டேலா 1996 டிசம்பர் 10 அன்று ஷார்ப்வில்லில் கையெழுத்திட்ட ஆவணம் அது. நம் மொழிக்கு அதில் இடம் இருக்கிறது என்பதே தமிழ் வகுப்பில் சொல்ல வேண்டிய செய்தி. வகுப்பை எந்த மொழியில் நடத்துவது என்றும் கவலைப்பட வேண்டாம். பாதி ஆங்கிலம், பாதி தமிழ் என்று நம் பிள்ளைகள் எப்படிப் பேசுகிறார்களோ அப்படியே நடத்தலாம்.

பிள்ளைகள் எதிர்த்துப் பேசக் கற்றுக்கொள்வார்கள் என்ற பயமும் சிலருக்கு உண்டு. உண்மைதான், கேள்வி கேட்பார்கள். வீட்டில் அடிப்பதைப் பற்றியும் கேட்பார்கள். பள்ளியில் அடிப்பது 1996-லிருந்தே தடை, 2019-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் பெற்றோருக்கு இருந்த “நியாயமான தண்டனை” என்ற தற்காப்பையும் எடுத்துவிட்டது. இது நம்மில் பலருக்குத் தெரியாது. பிள்ளைகள் வழியாக வீட்டுக்கு வந்து சேர்ந்தால் நல்லதுதான் என்பது என் கருத்து.

எப்படி நடத்துவது என்பதற்கு ஒன்றிரண்டு யோசனைகள். பிரிவு எண்களை மனப்பாடம் செய்ய வைக்க வேண்டாம். செய்யுள் ஒப்பிக்கிற மாதிரி உரிமைகளை ஒப்பித்தால் பரிசு கொடுக்கலாம், பயன் இருக்காது. ஒரு வழக்கு, இரண்டு கட்சி, ஒரு மணி நேரம், அவ்வளவுதான். 1980-களின் நடுவில் நேட்டால் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மெக்காய்ட்-மேசன் ஸ்ட்ரீட் லா என்ற திட்டத்தைத் தொடங்கினார். சட்ட மாணவர்கள் பள்ளிகளுக்குப் போய் விளையாட்டும் நடிப்புமாகச் சட்டம் சொல்லிக்கொடுக்கும் திட்டம் அது, நம் ஊரிலேயே, இன வெறிச் சட்டங்கள் நடப்பில் இருந்த காலத்திலேயே. அந்த முறையை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சாட்ஸ்வர்த் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு ஒரு நாள் கூட்டிப்போகலாம். வசதி இருந்தால் ஜோகன்னஸ்பர்க்கில் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கும் போகலாம். காந்தியும் அவரோடு போராடிய தம்பி நாயுடுவும் அடைபட்ட பழைய கோட்டைச் சிறை வளாகத்தில்தான் அது நிற்கிறது. கிளேர்வுட்டில் பேருந்து ஓட்டுநரின் மகளாகப் பிறந்த நவி பிள்ளை எப்படி ராபன் தீவுச் சிறையின் அரசியல் கைதிகளுக்கு வக்கீலைப் பார்க்கும் உரிமையை 1973-இல் வாங்கித் தந்தார், பின்னால் எப்படி ஐ.நா. மனித உரிமை ஆணையர் ஆனார் என்பதை அந்த வளாகத்தில் நின்று சொல்லலாம்.

கடைசியாக, உங்களிடம் நேராகவே ஒன்று கேட்கிறேன். 8-ஆம் வகுப்போ அதற்கு மேலோ உள்ள எந்த அரசுப் பள்ளியிலும் மாணவர் பிரதிநிதிகள் பள்ளி நிர்வாகக் குழுவில் உட்கார வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 16 வயதில் வாக்காளர் பட்டியலுக்குப் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் நம் தமிழ்ப் பள்ளிக் கமிட்டிகளில் எத்தனையில் ஒரு பிள்ளைக்காவது இடம் இருக்கிறது? கோயில் கமிட்டிகளில் பெண்களுக்கு எத்தனை இடம்? பிள்ளைகள் சமத்துவப் பிரிவைப் படித்த மறுவாரமே இதைக் கேட்பார்கள். அதனால் முதல் ஆண்டின் பாடங்களில் ஒன்றாக உங்கள் கமிட்டியின் அமைப்பு விதிகளையே பிள்ளைகள் கையில் கொடுங்கள். தலைவர் எப்படித் தேர்வாகிறார், கணக்கை யார் தணிக்கை செய்கிறார், ஒரு விதியை மாற்ற எத்தனை ஓட்டு வேண்டும் என்று அவர்களே படித்துச் சொல்லட்டும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் 16 வயது ஆனவர்களை வந்து உட்கார விடுங்கள். ஓட்டு இல்லாவிட்டாலும் பேச விடுங்கள்.

ஜனவரியில் வகுப்புகள் தொடங்கும் முன் உங்கள் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்க வேண்டுகிறேன். முதல் மூன்று மாதத்துக்கான பாடக் குறிப்புகளை எழுதி வைத்திருக்கிறேன்: ஒப்பந்தமும் மூன்று பவுன் வரியும், பிள்ளை வழக்கு, போனும் கைதும். கேட்கும் எந்தப் பள்ளிக்கும் தருகிறேன்; முதல் வகுப்பை நானே வந்து எடுக்கவும் தயார். தைப்பூசக் காவடிக்கு ஆள் வேண்டும் என்பதால் அந்தச் சனிக்கிழமையை மட்டும் விட்டுவிட்டு மற்ற எந்த நாளையும் குறியுங்கள்.

இப்படிக்கு,
சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி ஆசிரியை ஒருத்தி
சாட்ஸ்வர்த், டர்பன்